"உன் கை என் மேல படக்கூடாது"ன்னு ரெசிடென்ட் சொன்னா நர்ஸ் என்ன செய்யணும்?

இரவுப்பணி:
பதினோரு வருஷமா முதியோர் நர்ஸிங் ஹோம்ல வேலை, இப்ப முழுக்க நைட் ஷிஃப்ட். எங்க ஹோம்ல ரெசிடென்ட்ஸ், அதாவது அங்கயே தங்கியிருக்கற பெரியவங்க, பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, வேலை பாக்கற நாங்க நாலஞ்சு நாட்டுக்காரங்க. போன வாரம் நடந்ததைச் சொல்லிட்டு ஒரு கேள்வி கேக்கறேன்.

எண்பது தாண்டின பெரியவர், ஸ்ட்ரோக்ல வலது பக்கம் விழுந்துடுச்சு, ஆனா புத்தி ரொம்பத் தெளிவு. படுக்கை நனைஞ்சிருந்துச்சு, மாத்தப் போனேன். என் கையைப் பாத்துட்டு "இந்தக் கறுப்புக் கை என் மேல படக்கூடாது, வேற ஆளை அனுப்பு"ன்னார். அன்னிக்கு அந்த ஃப்ளோர்ல நானும் ஒரு கேர் அசிஸ்டென்ட்டும்தான், அந்தப் பொண்ணும் என் நிறம்தான். நான் வெதுவெதுப்பா துணியை நனைச்சு அவரோட இடது கையில கொடுத்து, முன்பக்கம் நீங்களே துடைச்சுக்கோங்க, முதுகுப் பக்கம் மட்டும் நான் செய்றேன், ஈரத்துல கிடந்தா தோல் வெந்துடும்னேன். ரொம்ப நேரம் பேசல, அப்பறம் துணியை வாங்கிட்டார். திருப்பிப் பாத்தா முதுகெலும்பு முடியற இடத்துல சிவந்திருக்கு, விரலால அழுத்தி எடுத்தா வெளுக்கவே இல்ல. படுக்கைப்புண் ஆரம்பம் அது, காலை வரைக்கும் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நர்ஸுங்களுக்குத் தெரியும்.

எல்லாம் முடிச்சுட்டு லினன் ரூம்ல போய் நின்னு அழுதேன். காலைல அடுத்த ஷிஃப்ட்டுக்குப் பொறுப்பை ஒப்படைக்கற ஹேண்டோவர்ல சொன்னா இன்சார்ஜ், "வயசானவர்தானே, ப்ரொஃபஷனலா இருங்க, இனிமே அந்த ரூமுக்கு வேற ஆளைப் போடறேன்"னாங்க. ப்ரொஃபஷனலா இருக்கறதுன்னா வாங்கிக்கிட்டு வாய மூடிட்டு இருக்கறதுதானா?

மூத்தமகள்:
நீங்க அழுதீங்கன்னு படிக்கவே கஷ்டமா இருக்கு, அவர் சொன்னது தப்பு, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா இன்னொரு பக்கமும் பாருங்க அக்கா. எங்கம்மா மூணு வருஷமா ஒரு ஹோம்ல இருக்காங்க. உங்களுக்கு அது வேலை பாக்கற இடம், அவங்களுக்கு அதுதான் வீடு. நீங்க ஷிஃப்ட் முடிஞ்சா கிளம்பிடுவீங்க, அவங்களால கதவு வரைக்கும்கூடப் போக முடியாது. உடம்பை யார் தொடலாம்னு சொல்ற உரிமை மட்டும்தான் மிச்சம், அதையும் பிடுங்கிட்டா என்ன இருக்கு? ஆம்பளை வந்து குளிப்பாட்ட வேண்டாம்னு அம்மா சொன்னதுக்கே நான் நாலு தடவை சண்டை போட வேண்டியிருந்துச்சு. இன்னொண்ணும் மனசுல கிடக்கு. ரெண்டு பேர் சேர்ந்து அம்மாவைத் திருப்பும்போது அவங்க மொழியில பேசிச் சிரிச்சுக்கிட்டே திருப்பறாங்க, அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு "என்னைப் பத்திதான் பேசறாங்களா"ன்னு கேக்கறாங்க. சகிப்புத்தன்மை வேணும்னு எங்களுக்குச் சொல்றவங்க இதையும் யோசிக்கணும்.

சட்டம்படிச்சவன்:
பெண்தான் வேணும்ங்கறதும் வெள்ளைக்காரர்தான் வேணும்ங்கறதும் ஒண்ணு இல்லங்க. இதே விஷயம் அமெரிக்காவுல கோர்ட்டுக்கே போச்சு, இண்டியானா மாநிலத்துல ஒரு நர்ஸிங் ஹோம், 2010ல ஃபெடரல் அப்பீல் கோர்ட் தீர்ப்பு. ஒரு ரெசிடென்ட் கறுப்பின உதவியாளர் வேண்டாம்னு சொன்னதை ஹோம் அப்படியே தினசரி வேலைத் தாள்லயே எழுதி வச்சுட்டாங்க. ஒரு நாள் அந்தம்மா தரையில கிடக்கறதை அந்த உதவியாளர் பாக்கறார், தூக்க மனசு துடிக்குது, ஆனா வேலை போயிடும்னு பயந்து வெள்ளைக்கார சக ஊழியரைத் தேடிக் கட்டடம் பூரா ஓட வேண்டியிருக்கு. ரெசிடென்ட்டோட விருப்பம்னு காரணம் சொல்லி ஊழியரை நிறத்தால பிரிக்கக்கூடாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. பெண் உடம்புக்குப் பெண் வேணும்னு கேக்கறது அந்தரங்கம், அது வேற, அதை இனத்துக்கு இழுக்க முடியாதுன்னும் தெளிவாச் சொன்னாங்க. இங்க அந்த இன்சார்ஜ் செஞ்சதும் கிட்டத்தட்ட அதே வேலைத் தாள்தான்.

வார்டுபொறுப்பு:
நான் அந்த இன்சார்ஜ் இல்ல, ஆனா அதே மாதிரி நாற்காலியில ஒன்பது வருஷமா உக்காந்திருக்கேன், அதனால சொல்றேன். தீர்ப்பு படிக்க நல்லாருக்கு. புத்தி தெளிவா இருக்கற ஒருத்தர் "தொடாதே"ன்னா சட்டப்படி தொட முடியாது, இனவெறியோட சொன்னாலும் மறுப்பு மறுப்புதான். நர்ஸ் தொட்டா புகார், தொடலைன்னா புண்ணு, ரெண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது நான். ரோட்டாவை, அதான் யாருக்கு எந்த ரூம்ங்கற பட்டியலை, மாத்தறது அவருக்குப் பணிஞ்சு இல்லங்க, என் ஸ்டாஃப் தினமும் அந்த வார்த்தையைக் கேக்கக்கூடாதுன்னுதான். பிரிட்டன்ல 2020ல, இனவெறியாப் பேசற நோயாளிக்கு அவசரம் இல்லாத சிகிச்சையை மறுக்கலாம்னு என்எச்எஸ்ங்கற அவங்க அரசு மருத்துவ சேவையோட விதியை விரிவாக்கினாங்க. ஆஸ்பத்திரிக்கு அது சரி, நர்ஸிங் ஹோம்ல படுத்த படுக்கையா இருக்கறவரை எங்க அனுப்பறது? ராத்திரி ரெண்டு மணிக்கு ஈரத்துணி மாத்தறதை அவசரம் இல்லாத சிகிச்சைன்னு யாராவது சொல்ல முடியுமா?

எல்லாரும்ஒண்ணு:
எல்லாரும் மனுஷங்கதானே, நிறம் மதம் எதையும் பாக்காம எல்லாரையும் ஒரே மாதிரி கவனிச்சா இந்தப் பிரச்சனையே வராது. செவிலியர் நெறிமுறைலயே இனம், நிறம், மதம் பாக்காம சேவைன்னுதானே இருக்கு.

இரவுப்பணி:
நெறிமுறை சொல்றது யாரையும் ஒதுக்காதேன்னு, நிறத்தையே பாக்காதேன்னு இல்லங்க. நான் மேல சொன்னேன்ல, அழுத்தினா வெளுக்காத சிவப்பு, அது வெளிர் தோல்ல கண்ணுக்குத் தெரியும். கறுத்த தோல்ல அந்தச் சிவப்பு சுலபமாக் கண்ணுக்குத் தெரியாது, தொட்டுப் பாக்கணும், சூடா இருக்கா, பக்கத்துத் தோலைவிடக் கெட்டியா இல்ல கொழகொழன்னு இருக்கான்னு. எல்லாரையும் ஒரே மாதிரி பாத்தா கறுப்பு ரெசிடென்ட்டோட புண்ணு ஆழமானதுக்கு அப்பறம்தான் தெரியும். விரல்ல மாட்டற ஆக்சிமீட்டரும் அப்படித்தான், கறுத்த தோல்ல ஆக்சிஜனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டற வாய்ப்பு அதிகம்னு 2020ல வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்லுச்சு. வித்தியாசத்தைக் கவனிச்சாதான் சமமாப் பாத்துக்க முடியும்.

@மூத்தமகள், மொழி விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, எனக்கு உறைச்சுது. நாங்களும் செஞ்சிருக்கோம். ராத்திரி மூணு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல சொந்த மொழிதான் வாய்ல வரும், ஆனா ஒருத்தர் உடம்பு நம்ம கையில இருக்கும்போது அவங்களுக்குப் புரியாத மொழியில பேசறது அவங்களை மூட்டையாக்கற மாதிரிதான். எங்க ஃப்ளோர்ல ஒரு அண்ணன், ரொம்ப நல்ல மனுஷன், தூங்கற ரெசிடென்ட்ஸ் தலைமாட்டுல நின்னு அவர் சாமியை வேண்டிப்பார், கேக்காமலே. அன்புலதான் செய்றார், ஆனா முழிச்சுப் பாக்கற அந்தப் பாட்டிக்கு அது அன்புன்னு எப்படித் தெரியும்? அதையும் நான் நிறுத்தச் சொல்லியிருக்கேன். ஆக விதி ரெண்டு பக்கமும்தான்.

@வார்டுபொறுப்பு சார், வலுக்கட்டாயமாத் தொடணும்னு நான் எங்கயும் சொல்லலையே. வேண்டாம்னா நகர்ந்துடறேன், ஏன் தேவைன்னு சொல்றேன், கால் மணி கழிச்சுத் திரும்ப வர்றேன். என்னை வலிக்க வச்சது அது இல்ல. நோட்ஸ்ல நான் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதினேன், காலைல அதை "ரெசிடென்ட் அஜிடேட்டட்", அதாவது படபடப்பா இருந்தார்னு மட்டும் மாத்தச் சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தையில எனக்கு நடந்தது காணாமப் போச்சு. அடுத்து அந்த ரூமுக்குப் போற புதுப் பொண்ணு எதுக்கும் தயாரா இல்லாமப் போவா.

மூத்தமகள்:
நோட்ஸ் மாத்தினது அநியாயம். ஆனா டிமென்ஷியா, அதான் மறதி நோய், வந்தவங்களை என்ன செய்வீங்க? எங்கம்மாவுக்கு இப்ப அதுவும் ஆரம்பிச்சுடுச்சு, பின்னாடி கத்துக்கிட்ட மொழியெல்லாம் போயிட்டு சின்ன வயசு மொழி மட்டும்தான் நிக்குது. சாயங்காலம் ஆனா யாரைப் பாத்தாலும் திருடன்னு கத்தறாங்க, முகம் பழகினதா இருந்தா மட்டும்தான் அடங்கறாங்க. அவங்க கத்தினதையும் இனவெறின்னு ஃபைல்ல எழுதிடுவீங்களா?

இரவுப்பணி:
எழுதுவேன், ஆனா கூடவே எத்தனை மணிக்கு, லைட் எப்படி இருந்துச்சு, வலி இருந்துச்சா, யூரின் இன்ஃபெக்‌ஷன் பாத்தாச்சான்னும் எழுதுவேன். திடீர்னு ஒருத்தர் மாறிப் பேசினா முதல்ல தேடறது இன்ஃபெக்‌ஷனைத்தான். டிமென்ஷியாவுல வர்ற வார்த்தைக்கு நான் கோபப்படறதே இல்ல தங்கச்சி, அம்மாவுக்குப் பழகின முகம் வேணும்னா அந்த முகத்தைப் போடறதும் சரிதான், அது நிறத்துக்காக இல்ல, பயத்துக்காக. எங்க பெரியவருக்கு அந்த வியாதி இல்ல, தெரிஞ்சேதான் சொன்னார்.

சட்டம்படிச்சவன்:
அந்தத் தீர்ப்புலயே வழியும் இருக்கு சார். அட்மிஷன் அப்பவே எங்க ஸ்டாஃப் பல இனத்தவங்க, நிறம் பாத்து ஆள் ஒதுக்க மாட்டோம்னு எழுத்துல சொல்லிடலாம். தொந்தரவு தர்ற ரூம்ல இருந்து பாதுகாப்பு வேணும்னா ஊழியரே கேக்கலாம்னும் சொல்லிருக்காங்க. ஊழியர் கேட்டு மாத்தறதும் ரெசிடென்ட் கேட்டு மாத்தறதும் வெளியில இருந்து பாத்தா ஒண்ணாத் தெரியும், ஆனா முடிவு யார் கையில இருக்குங்கறதுதான் வித்தியாசமே.

வார்டுபொறுப்பு:
எழுத்துல சொல்றதை ஏத்துக்கறேன், எங்க அட்மிஷன் ஃபார்ம்ல அப்படி ஒரு வரிகூட இல்ல, சேர்க்கச் சொல்றேன். ஆனா ரோட்டா விஷயத்துல என் எண்ணம் மாறல. தனியா நைட் பாக்கற ஒரு பொண்ணை அந்த ரூமுக்குள்ள திரும்பத் திரும்ப அனுப்ப என் மனசு ஒப்பல.

இரவுப்பணி:
அந்தப் பொண்ணுகிட்டயே கேளுங்க சார், அவளுக்குப் பதிலா நீங்க முடிவு பண்ணாதீங்க. அந்த ரூமுக்கு நேரா என் பேரையே திரும்பப் போடச் சொல்லி எங்க இன்சார்ஜுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன், நோட்ஸ்ல அவர் சொன்னதை அப்படியே வைக்கணும்னும் எழுதியிருக்கேன், பதில் வரல. அந்தச் சிவப்பு இன்னும் முழுசா ஆறல, ரெண்டு மணிக்கு ஒருக்களிச்சுத் திருப்பணும், கிளம்பறேன்.