பேவர் கல்லில் மழைத்தண்ணீர் இறங்குமா, இறங்காதா?

மடிப்பாக்கத்தான்
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. "கார் நிறுத்தும் வாசலுக்கு பேவர் பிளாக் (அடுக்கிப் பதிக்கும் கான்கிரீட் கல்) தவிர எதையும் போடாதீர்கள், மழைத்தண்ணீர் அப்படியே நிலத்துக்குள் இறங்கிவிடும், கான்கிரீட் போடுகிறவன் பூமிக்குத் துரோகி" என்கிறார். துரோகியாம்! போன வருஷம்தான் நாலு அங்குலத்துக்கு கான்கிரீட் போட்டேன். கேட்டுக்கு உள்ளே குறுக்காக ஒரு சின்னக் கால்வாய், மேலே கம்பி மூடி, தண்ணீர் நேராக மழைநீர்த் தொட்டிக்குப் போகிறது. பேவரில் தண்ணீர் இறங்குவதை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா?

சூலூர்க்காரன்
அந்த "ஒருவர்" நான்தான் சார், பெயரைச் சொல்லியே திட்டலாம். இறங்கும். என் வீட்டில் ஆறு வருஷமாக இறங்குகிறது, ஒரு சொட்டுத் தேங்கியதில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கு எதற்கு வைத்திருக்கிறான்? அழகுக்கா?

பழைய ஓவர்சியர்
முப்பத்திரண்டு வருஷம் ரோடு போட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எட்டுக்கு நாலு அங்குலக் கல், இடுக்கு 3 மி.மீ. நூறு சதுர அடி வாசலில் எல்லா இடுக்கையும் கூட்டினால் நாலரை சதுர அடி கூடத் தேறாது. மீதி முழுக்க கான்கிரீட்தான் தம்பி. ஐ.எஸ். 15658 என்று பேவருக்கே இந்தியத் தரநிர்ணயம் ஒன்று இருக்கிறது. கல் உறிஞ்சும் தண்ணீர் சராசரியாக 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நல்ல கல் தண்ணீர் குடிக்காது. குடித்தால் அது நல்ல கல் இல்லை.

சூலூர்க்காரன்
கல் குடிக்கும் என்று யார் சொன்னது? இடுக்கு வழியாக இறங்கும் என்றுதானே சொன்னேன். நாலு சதுர அடி ஓட்டை உள்ள தொட்டியில் தண்ணீர் பிடித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

பழைய ஓவர்சியர்
உங்கள் ஓட்டையில் மண் அடைத்திருக்கிறது. முதல் வருஷம் எம் சாண்ட் (கல்லை உடைத்த மணல்), இரண்டாம் வருஷம் தெருப் புழுதி, மூன்றாம் வருஷம் அருகம்புல். நாலு சதுர அடி, அதுவும் அடைபட்ட நாலு சதுர அடி. இதில்தான் பூமித்தாயின் தாகம் தீரப் போகிறதா?

கோவில்பட்டிக் கரிசல்
ஐயா, எங்கள் ஊர்க் கரிசலில் கான்கிரீட்டும் நிற்காது. மழையில் மண் உப்பும், சித்திரையில் பிளக்கும். பக்கத்து வீட்டில் போட்ட தளம் இரண்டே கோடையில் குறுக்காக வெடித்துவிட்டது. நான் மேல்மண்ணை ஒன்றரை அடி வெட்டியெடுத்து, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு, அப்புறம்தான் பேவர் பதித்தேன். அங்கங்கே இரண்டு கல் இறங்கினால் நெம்பி எடுத்து மணல் போட்டுச் சரிசெய்கிறேன். கான்கிரீட்டில் அது முடியுமா?

மடிப்பாக்கத்தான்
பத்தடிக்கு ஒரு வெட்டு விட்டிருந்தால், வெடிப்பு அந்த வெட்டோடு போயிருக்கும். பாத்தி கட்டி ஏழு நாளாவது தண்ணீர் நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் கான்கிரீட்டைக் குறை சொல்கிறீர்கள்.

கோவில்பட்டிக் கரிசல்
பக்கத்து வீடு என்று எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

வாசற்கோலம்
எல்லோரும் கார் கார் என்கிறீர்கள். வாசலில் கோலம் போடுகிறவர்களை யாராவது கேட்டீர்களா? எங்கள் வீட்டில் என்னைக் கேட்காமலே வளைவு வளைவான கல்லைப் பதித்துவிட்டார்கள். கோலமாவு முழுக்க இடுக்கில் விழுகிறது, பதினைந்து புள்ளிக் கோலத்தில் ஒரு கோடு நேராக வருவதில்லை. முன்பு இருந்த கடப்பாக் கல்லில் ஒரு தெளி தெளித்துக் கோலம் போட்டால் பளிச்சென்று இருக்கும்.

சூலூர்க்காரன்
அம்மா, கடப்பாக் கல் கார் ஏறினால் பிளந்துவிடும்.

வாசற்கோலம்
இருபது வருஷம் பிளக்கவில்லை தம்பி. அடியில் பொந்து இல்லாமல் கலவை பரப்பிப் பதித்த கல். உங்களுக்கு எல்லாமே பிளக்கும், பேவர் மட்டும் பிளக்காது.

பழைய ஓவர்சியர்
அம்மா சொல்வது நியாயம். ஆனால் பேச்சு திசை மாறுகிறது. நாலு சதுர அடிக்கு இன்னும் பதில் வரவில்லை.

சூலூர்க்காரன்
மூன்று முறை சொல்லிவிட்டேன் சார். இறங்கும்! உங்கள் கான்கிரீட்டுக்கு அடியில் குடிநீர்க் குழாய் உடைந்தால் என்ன செய்வீர்கள்? உளி வைத்து உடைப்பீர்கள், அப்புறம் ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி இருக்கும். நான் பத்துக் கல்லைப் பெயர்த்துவிட்டு, வேலை முடிந்ததும் திருப்பி வைத்துவிடுவேன்.

பழைய ஓவர்சியர்
பெயர்த்த கல்லைப் பழைய மட்டத்தில் திருப்பி வைத்த மேஸ்திரியை என் சர்வீசில் பார்த்ததில்லை. போகட்டும், உங்கள் கல் எத்தனை மி.மீ.?

சூலூர்க்காரன்
60.

மடிப்பாக்கத்தான்
ஹா ஹா. காருக்கு 80 வேண்டும் சார். ஊரெல்லாம் 80தான் போடுகிறார்கள்.

பழைய ஓவர்சியர்
இந்த ஒன்றில் மட்டும் சூலூர்க்காரர் பக்கம் நிற்கிறேன், வேறு வழியில்லை. இலகுவான போக்குவரத்துக்கு எம் 35 வலிமைத் தரத்தில் 60 மி.மீ. போதும் என்றுதான் ஐ.எஸ். சொல்கிறது. 50 என்பது ஆள் நடக்க மட்டும். தண்ணீர் லாரி உள்ளே வருமானால் 80 போடுங்கள். கனத்தைவிட முக்கியம், கல் எப்படிச் செய்தது என்பது. ரப்பர் மோல்டில் வார்த்த பளபளப்புக் கல்லை மழையில் மிதித்தால் பல் போகும். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்திய சொரசொரப்பான கல்லை வாங்குங்கள். ஓரத்தில் கெர்ப் கல் வைத்து இறுக்காவிட்டால், பிரேக் போடப் போட வரிசை நகர்ந்து வாயைப் பிளக்கும். இதெல்லாம் சரி. தண்ணீர்தான் இறங்காது.

சூலூர்க்காரன்
என் வீட்டு வாசலுக்கு நீங்கள் வந்தீர்களா, நான் வந்தேனா?

மடிப்பாக்கத்தான்
எங்கள் பகுதியில் தோண்டினால் களிமண். நீங்கள் இடுக்கில் எவ்வளவு விட்டாலும் அடியில் போய் தண்ணீர் உட்கார்ந்துதான் இருக்கும். 2015 டிசம்பரில் முழங்கால் தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆயிற்று என்று எங்களைக் கேளுங்கள்.

சூலூர்க்காரன்
என் மனை செம்மண். உங்கள் ஊரில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்டியது என் குற்றமா?

மடிப்பாக்கத்தான்
வார்த்தையை அளந்து பேசுங்கள். கடன் வாங்கிக் கட்டிய வீடு.

வாசற்கோலம்
சண்டை வேண்டாம் என்று நானே ஒரு குடம் தண்ணீரை வாசலில் ஊற்றிப் பார்த்துவிட்டேன். பாதி உள்ளே போயிற்று, பாதி சரிந்து தெருவுக்கு ஓடிவிட்டது.

சூலூர்க்காரன்
பார்த்தீர்களா! இறங்கியது!

பழைய ஓவர்சியர்
பார்த்தீர்களா! தெருவுக்கு ஓடியது! அதுவும் வெயிலில் காய்ந்த மண். அது ஒரு குடம் குடிக்கத்தான் செய்யும். ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பெய்த பிறகு ஊற்றிப் பாருங்கள் அம்மா, ஒரு டம்ளர் கூடப் போகாது.

சூலூர்க்காரன்
நாலு நாள் அடைமழையில் வெறும் மண்ணும்தான் குடிக்காது. அப்போது பூமியையே குறை சொல்வீர்களா?

பழைய ஓவர்சியர்
அதனால்தான் மடிப்பாக்கத்தார் மாதிரி கால்வாய் விட்டுத் தொட்டியில் சேர்க்க வேண்டும் என்கிறேன். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று 2003லேயே சட்டம் போட்டாயிற்று. தொட்டி கட்டச் சோம்பேறித்தனம், அதற்கு பேவர் ஒரு சாக்கு.

சூலூர்க்காரன்
என் வீட்டில் தொட்டியும் இருக்கிறது.

பழைய ஓவர்சியர்
தொட்டி எதற்கு? பேவரே எல்லாவற்றையும் இறக்கிவிடுமே!

கோவில்பட்டிக் கரிசல்
ஓவர்சியர் ஐயா, புல் முளைக்க ஓட்டை விட்ட கல் ஒன்று வருகிறதே, அதில் தண்ணீர் நன்றாக இறங்குமா?

பழைய ஓவர்சியர்
அதில் இறங்கும். ஆனால் கார் நிழலில் புல் செத்துப்போய் வெறும் சேறுதான் மிஞ்சும். உங்கள் ஊர் வெயிலுக்குத் தினமும் தண்ணீர் வேறு ஊற்ற வேண்டும்.

சூலூர்க்காரன்
ஆக, எந்தக் கல்லிலும் உங்களுக்குத் திருப்தி இல்லை. போன வருஷம் சம்ப் கசிவு பற்றிப் பேசியபோதும் இதே கதைதான். சுண்ணாம்பு பூசுங்கள் என்றீர்கள், பூசினேன், இன்றுவரை கசிகிறது.

பழைய ஓவர்சியர்
இரண்டு கை பூசச் சொன்னேன், நீங்கள் ஒரு கைதான் பூசினீர்கள். அந்தப் பேச்சு இன்னும் இங்கேதான் இருக்கிறது, எடுத்துப் போடட்டுமா?

சூலூர்க்காரன்
போடுங்கள். மூன்று கை பூசினேன்.