1928 பி.ஜி.ஏ.: கோப்பை இல்லாம நடந்த பரிசளிப்பு

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

கார்த்தி: பெரியப்பா, பழைய பி.ஜி.ஏ. (அமெரிக்க தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரங்க சங்கம்) சாம்பியன்ஷிப் முடிவுகள வரிசையா ஷீட்ல ஏத்திட்டு இருக்கேன். 1928ல லியோ டீகல் ஃபைனல்ல ஆல் எஸ்பினோசாவ "6 & 5"னு ஜெயிச்சிருக்கார். மொத்த ஸ்ட்ரோக் (பந்த அடிச்ச தடவை) எத்தனைன்னு எங்கயும் காணோமே?

பெரியப்பா: இருக்காது. 1916ல ஆரம்பிச்சதுலேர்ந்து 1957 வரைக்கும் அது மேட்ச் ப்ளே. ஒவ்வொரு ஹோலும் (பந்து விழ வேண்டிய குழி) தனிக் கணக்கு. கம்மி ஸ்ட்ரோக்ல முடிச்சவருக்கு அந்த ஹோல், சமமா முடிச்சா யாருக்கும் இல்ல. 6 & 5ன்னா 6 ஹோல் முன்னால இருக்கார், ஆட பாக்கி 5 தான். எட்டிப் பிடிக்க வழியில்ல, கை குலுக்கிட்டுப் போக வேண்டியதுதான்.

நித்யா: ஒரு மேட்ச் 36 ஹோல், கார்த்தி. காலைல 18, சாப்பாட்டுக்கு அப்புறம் 18. முடிஞ்ச ஹோல் வேணும்னா 36லேர்ந்து ரெண்டாவது எண்ணக் கழி. 6 & 5ன்னா 31வது ஹோல். அந்த வாரம் செமி ஃபைனல்ல டீகல் ஜீன் சாரசன 9 & 8ல அடிச்சார். 28வது ஹோல்லயே ஆட்டம் காலி.

கார்த்தி: சாரசனயா? 1922லயும் 23லயும் ஜெயிச்சவர் ஆச்சே!

பெரியப்பா: அதே சாரசன்தான். அதுக்கு முந்தின ரவுண்ட்ல டீகல் அடிச்சது யார தெரியுமா? வால்டர் ஹேகன. 2 & 1.

சுந்தரம் மாமா: அதுதான் அந்த வருஷத்து நிஜமான ஃபைனல்னு சொல்லுவேன். ஹேகன் 1924லேர்ந்து 27 வரைக்கும் தொடர்ந்து நாலு தடவ சாம்பியன். தோத்தா வெளிய, 32 பேர், அஞ்சு ரவுண்ட். நாலு வருஷத்துக்கு 20 மேட்ச், 1928ல முதல் ரெண்டு ரவுண்ட், ஆக மொத்தம் 22 மேட்ச் வரிசையா ஜெயிச்சிட்டு வந்த மனுஷன். அந்த 22ல டீகலே ரெண்டு தடவ மாட்டியிருக்கார். 1925ல ஒலிம்பியா ஃபீல்ட்ஸ்ல 40வது ஹோல் வரைக்கும் இழுத்துட்டுப் போய் தோத்தார், 1926 ஃபைனல்ல 5 & 3ல தோத்தார்.

கார்த்தி: 40வது ஹோலா? 36தானே?

சுந்தரம் மாமா: 36லயும் சமமா நின்னா திரும்ப முதல் டீக்கு (ஹோல ஆட ஆரம்பிக்கற இடம்) போகணும். யாராவது ஒரு ஹோல் ஜெயிக்கற வரைக்கும் விடமாட்டாங்க.

நித்யா: டீகலோட பட்டிங் (பந்த குழிக்குள்ள உருட்டி விடற அடி) போட்டோ பாத்திருக்கீங்களா? நல்லாக் குனிஞ்சு, தாடை பட்டர் (பட் அடிக்கற மட்டை) பிடிக்குப் பக்கத்துல. முழங்கை ரெண்டும் றெக்கை மாதிரி வெளிய விரிஞ்சிருக்கும், முன்கை ரெண்டும் தரைக்குக் கிடைமட்டமா ஒரே கோட்டுல. கோமாளித்தனம்னு தோணும். காரணம் இருக்கு. ஆள் ரொம்ப பதட்டக்காரர். பதட்டம் வந்தா மணிக்கட்டுதான் முதல்ல துடிக்கும், 4 அடி தூரத்து பட் அப்படித்தான் குழி வாயோரம் தட்டிட்டு வெளிய ஓடும். முழங்கைய அப்படிப் பூட்டிட்டா மணிக்கட்டு மடங்க இடமே இல்ல. தோள் மட்டும் ஆடும்.

செல்வி அத்தை: கோப்பை கதைய விட்டுட்டீங்களே.

பெரியப்பா: வரேன் வரேன். வனமேக்கர் கோப்பை, அதான் பி.ஜி.ஏ. சாம்பியனுக்குக் குடுக்கறது, கிட்டத்தட்ட 28 அங்குல உயரம், 27 பவுண்டு எடை. ஏறக்குறைய 12 கிலோ வெள்ளி. 1928ல பால்டிமோர் கன்ட்ரி கிளப், ஃபைவ் ஃபார்ம்ஸ் கோர்ஸ்ல டீகல் கைல குடுக்கணும். ஹேகன்கிட்ட கேட்டா, என்கிட்ட இல்லன்னுட்டார். டாக்ஸில ஏத்தி ஹோட்டலுக்கு அனுப்பினேன், போய்ச் சேரலன்னு அவர் சொன்னதா கதை. வருஷா வருஷம் அவரே ஜெயிச்சதால யாருக்கும் தெரியல. நான்தானே திரும்ப வாங்கப் போறேன், எதுக்குத் தூக்கிட்டு வரணும்ங்கறது அவர் நியாயம்.

கார்த்தி: 😂 அப்புறம் கிடைச்சுதா?

பெரியப்பா: 1930ல. டெட்ராய்ட்ல ஹேகன் பேர்ல கிளப் (கோல்ஃப் மட்டை) தயாரிச்ச எல்.ஏ. யங் கம்பெனியோட நிலவறைல, ஒரு பெட்டிக்குள்ள. அதுக்குள்ள பி.ஜி.ஏ. வேற ஒண்ணு செஞ்சாச்சு. டாக்ஸில போனது கம்பெனி நிலவறைக்கு எப்படி வந்துதுன்னு கேக்காத. டாக்ஸி கதைய நான் பாதிதான் நம்பறேன்.

செல்வி அத்தை: ஒண்ணு கேக்கணும். 1919க்கு அப்புறம் ஹேகன், மொத்த ஸ்ட்ரோக் கணக்கு பாக்கற யு.எஸ். ஓப்பன் ஜெயிக்கவே இல்ல. அதே ஆள் மேட்ச் ப்ளேல மட்டும் எப்படி அசைக்க முடியாம இருந்தார்?

சுந்தரம் மாமா: அண்ணி, அவர் டிரைவ் (டீலேர்ந்து அடிக்கற முதல் அடி) எங்க போகும்னு அவருக்கே தெரியாது. ஸ்ட்ரோக் ப்ளேல, 4ல முடிய வேண்டிய ஹோல்ல 8 அடிச்சா அந்த அதிகப்படி 4 ஸ்ட்ரோக் கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டே வரும். மேட்ச் ப்ளேல 8 அடிச்சாலும் 18 அடிச்சாலும் போறது ஒரே ஹோல். அடுத்த டீல புதுக் கணக்கு. கன்னாபின்னான்னு அடிச்சுட்டு மரத்தடிலேர்ந்து கிரீனுக்கு (குழிய சுத்தி இருக்கற வழவழ புல்தரை) எடுத்து ஒரே பட்டுல முடிக்கறவனுக்கு அது சொர்க்கம். நடு ஃபேர்வேல (புல் வெட்டின பாதை) நிக்கற எதிராளி, இந்த ஹோல் நமக்குத்தான்னு நினைச்சிருப்பான். சமன்ல முடியும்போது அவனுக்குத் தோத்த மாதிரி இருக்கும்.

நித்யா: விட்டுக் குடுக்கற பட் இன்னொண்ணு. எதிராளியோட 2 அடி பட்ட "போதும், எடுத்துக்கோ"ன்னு சொல்லலாம். காலைல நாலஞ்சு குடுத்துட்டு, சாயங்காலம் 33வது ஹோல்ல அதே 2 அடிக்கு வாயே திறக்காம நிக்கறது. அன்னிக்கு முழுக்க அவன் குட்டை பட் அடிச்சே இருக்க மாட்டான், கிரீன் வேகம் கைக்குப் பழகியிருக்காது. நழுவும்.

கார்த்தி: இது கேவலமான வேலையா இருக்கே 😄

பெரியப்பா: விதிக்கு உட்பட்ட கேவலம். அந்தக் காலத்து மேட்ச் ப்ளேல இதவிடப் பெரிசு "ஸ்டைமி". கிரீன்ல உன் பந்துக்கும் ஹோலுக்கும் நடுவுல எதிராளி பந்து கிடந்தாலும் அவர் எடுக்க வேண்டியதில்ல. ரெண்டு பந்துக்கும் இடைல 6 அங்குலத்துக்குள்ள இருந்தாத்தான் எடுக்கணும். கேரம்ல பாக்கெட் வாசல்ல அவன் காய் உக்காந்த மாதிரி. நிப்ளிக்க எடுத்து கிரீன்லயே தாவ விடணும், இல்ல சரிவப் பாத்து வளைச்சு விடணும். மோதி அவன் பந்து உள்ள விழுந்துட்டா, அவன் முந்தின ஸ்ட்ரோக்லயே முடிச்சதா கணக்கு. 1952ல ஒழிச்சாங்க.

கார்த்தி: நிப்ளிக்னா?

சுந்தரம் மாமா: இன்னிக்கு 9 அயர்ன் (இரும்புத் தலை கிளப்) மாதிரி. மாஷி ஏறக்குறைய 5 அயர்ன், மாஷி நிப்ளிக் 7. எல்லாம் ஹிக்கரி மரக்கம்பு. வேகமா வெட்டி இழுத்தா கம்பு முறுக்கிக்கும், தலை திறந்துக்கும், பந்து வலப்பக்கம் பறக்கும். அதனால நிதானமா சுத்தணும். வெயில்ல மரம் காஞ்சு சுருங்கினா இரும்புத் தலை கழுத்துல லொடலொடன்னு ஆடும், மழைல ஊறினா கம்பு வளைஞ்சு நிக்கும். அதான் ஆளி எண்ணெய் போட்டுத் துடைச்சு வைப்பாங்க. வுட் (மரத்தலை) கிளப் கழுத்துல மெழுகு நூல் சுத்தியிருப்பாங்க, ஒரு சுத்து அவிழ்ந்தாலும் மூட்டு பிளக்க ஆரம்பிக்கும். ஸ்டீல் கம்புக்கு யு.எஸ்.ஜி.ஏ. (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) 1924லயே அனுமதி குடுத்தாச்சு. ஆனா ஸ்டீல் வெச்சு யு.எஸ். ஓப்பன் ஜெயிச்ச முதல் ஆள் 1931ல பில்லி பர்க்.

நித்யா: பங்கர்லேர்ந்து (மணல் பள்ளம்) எடுக்கவும் அதே நிப்ளிக்தான். அடிப்பக்கம் மெல்லிசு, கொஞ்சம் பின்னால இறங்கினாலும் மணலுக்குள்ள புதைஞ்சு பந்து அங்கயே கிடக்கும். சாரசன் 1932ல அடிப்பக்கம் ஈயம் பத்தவெச்சு தடிமனாக்கினப்புறம்தான் மணல்ல வழுக்கிட்டு வெளிய வர்ற கிளப் பரவலாச்சு.

செல்வி அத்தை: 1938 சேத்துட்டியா கார்த்தி? பால் ரன்யன் சாம் ஸ்னீட 8 & 7ல அடிச்சது. பென்சில்வேனியால ஷானில. 29வது ஹோல்ல முடிஞ்சுது. மேட்ச் ப்ளே ஃபைனல்கள்ல அவ்வளவு பெரிய வித்தியாசம் வேற இல்ல.

கார்த்தி: ரன்யன் ரொம்ப தூரம் அடிப்பாரா?

செல்வி அத்தை: தலைகீழ். டீ ஷாட்ல ஸ்னீட்க்கு எவ்வளவோ பின்னால நிப்பார். ஆனா ஹோலுக்குத் தூரமா இருக்கறவர்தான் முதல்ல ஆடணும். அதனால எப்பவும் ரன்யன்தான் முதல்ல ரெண்டாவது ஷாட் அடிப்பார். 4 வுட் எடுத்துக் கொடிக்குப் பக்கத்துல போட்டுடுவார். கைல குட்டை அயர்ன் வெச்சுட்டு நிக்கற ஸ்னீட்க்கு இப்ப அதவிடப் பக்கத்துல போட்டாகணும்னு நெருக்கடி. ஹோல் ஹோலா இதே கதை. "லிட்டில் பாய்சன்"னு பேர் வெச்சது சும்மாவா?

பெரியப்பா: அதுக்கும் 36 ஹோல் வேணும். பின்னால முதல் ரவுண்டுகள 18 ஹோலாக் குறைச்சாங்களே, அது எனக்குப் பிடிக்காது. பெரிய ஆள் ஒரு மணி நேரம் தூங்கினா அன்னிக்கே வீட்டுக்கு. 36ல சாப்பாட்டு இடைவேளைல 3 டவுன்னு (3 ஹோல் பின்னால) உக்காந்திருக்கறவன் திரும்பி வரலாம்.

சுந்தரம் மாமா: அதே காரணத்தால டிவிக்காரனுக்கு ஆகல. பெரிய பேரெல்லாம் புதன்கிழமை வெளிய போய்டும், ஞாயித்துக்கிழமை மைதானத்துல ரெண்டே பேர், அதுவும் எந்த ஹோல்ல முடியும்னு தெரியாது. 1958லேர்ந்து ஸ்ட்ரோக் ப்ளே. 57 ஃபைனல்ல லயனல் ஹீபர்ட்கிட்ட தோத்த டோ ஃபின்ஸ்டர்வால்ட்தான் 58ல ஜெயிச்சார்.

கார்த்தி: சரி, ஷீட்ல எப்படிப் போடறது? 1927ல ஹேகன் ஜோ டர்னேசாவ "1 அப்", 1923ல சாரசன் ஹேகன "38 ஹோல்"னு இருக்கு.

நித்யா: ஷீட்ல ரெண்டு பத்தி (காலம்) வை. ஒண்ணு "வித்தியாசம்", இன்னொண்ணு "முடிஞ்ச ஹோல்". 1 அப்னா 1 ஹோல் வித்தியாசம், 36வது வரைக்கும் போச்சு, 36னு போடு. 38 ஹோல்னா வித்தியாசம் தானாவே 1 தான், ரெண்டாவதுல 38. 1934ல ரன்யன் கிரெய்க் வுட்ட அடிச்சதும் 38 ஹோல்.

செல்வி அத்தை: 1917, 18 காலியா விடு. போர், ஆட்டமே நடக்கல.

கார்த்தி: போட்டாச்சு அத்தை 👍