பழைய 5.25 அங்குல நெகிழ்வட்டில் தகவல் எப்படிப் பதிந்திருக்கும்?

தோட்டத்துப்பிள்ளை (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமாவின் அலமாரியில் கறுப்பு உறையிட்ட நெகிழ்வட்டுகள் சில கிடைத்தன. ஒன்றில் ‘செக்ரோல்’ (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) என்றும், மற்றொன்றில் ‘கோயில் திருவிழா வரவு செலவு’ என்றும் எழுதி ஒட்டியிருக்கிறார். உறையின் நீள்திறப்பு வழியே பார்த்தால் பழுப்பு நிறப் பரப்பு மட்டுமே தெரிகிறது. கோடு, வரி எதுவுமில்லை. கணக்கு இதில் எந்த வடிவில் இருக்கிறது? நடுத்துளைக்கு அருகில் உள்ள சிறு துளை எதற்காக?

பழங்கணினி:
அந்தப் பழுப்பு நிறம்தான் இரும்பு ஆக்சைடுப் பூச்சு. அடியில் இருப்பது மெல்லிய பாலியெஸ்டர் படலம். ஒலிநாடாவை வட்டமாக வெட்டியது போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டைப் படித்து எழுதும் கருவியான டிரைவ் இதை நிமிடத்துக்கு 300 சுற்று சுழற்ற, அதிலுள்ள ஹெட் என்ற காந்த முனை பூச்சைத் தொட்டபடியே நிற்கிறது. எழுதும்போது ஹெட்டின் கம்பிச்சுருளில் மின்னோட்டம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் பூச்சின் காந்தத் திசையும் மாறுகிறது.

வடக்கு என்றால் 1, தெற்கு என்றால் 0 என்று பலர் விளக்குவது தவறு. ஒரே திசையில் காந்தமேறிய பகுதி கடந்து போகும்போது ஹெட்டில் எந்தத் துடிப்பும் எழாது. திசை மாறும் இடத்தில்தான் எழும். ஆகவே, இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரமே தகவல். ஆனால் 0 தொடர்ந்து வந்தால் துடிப்பே இல்லாமல் போய், கணினிக்கு நேரக்கணக்குத் தவறிவிடும் அல்லவா? அதற்காகவே எம்.எஃப்.எம். என்ற பதிவு முறையில் ஒவ்வொரு 1-க்கும் ஒரு மாற்றத்தை எழுதுவதோடு, அடுத்தடுத்த இரு 0-களுக்கு நடுவிலும் ஒரு மாற்றத்தை எழுதிவைக்கிறார்கள். 360 கிலோபைட் வட்டில் இந்த இடைவெளி 4, 6 அல்லது 8 மைக்ரோவினாடி. வேறு அளவே கிடையாது.

சிறு துளை ஒரு சுற்றின் தொடக்கத்தைக் காட்டுகிறது. சுற்றுக்கு ஒருமுறை அதன் வழியே ஒளி புகும்போது டிரைவ் அதை உணர்ந்துகொள்கிறது.

வட்டுக்காரன்:
அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். ஐ.பி.எம். பி.சி. வகை வட்டானால் பக்கத்துக்கு 40 தடங்கள் (ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்கள்), தடத்துக்கு 9 செக்டர்கள் (துண்டுகள்), செக்டருக்கு 512 பைட்டுகள். இரு பக்கமும் சேர்ந்து 360 கிலோபைட். ஒவ்வொரு செக்டரின் முன்னும் தடம், பக்கம், செக்டர் ஆகியவற்றின் எண்ணும், பின்னால் பிழை கண்டறியும் எண்ணும் உண்டு. எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்ற அட்டவணை வெளி ஓரத்துத் தடத்தில் இருப்பதால், அங்கே பழுதானால் கணக்கு நலமாக இருந்தும் கண்டுபிடிப்பது கடினம்.

ஆப்பிள் டூ கணினியின் வட்டு வேறு வகை: ஒரு பக்கத்தில் மட்டும் 35 தடங்கள், தடத்துக்கு 16 செக்டர்கள், செக்டருக்கு 256 பைட்டுகள், மொத்தம் 140 கிலோபைட். அது அந்தச் சிறு துளையைப் பொருட்படுத்துவதே இல்லை. அலுவலகத்தில் எந்தக் கணினி இருந்தது என்று மாமாவிடம் முதலில் கேளுங்கள்.

பழங்கணினி:
நம் ஊர் ஈரப்பதத்துக்கு இவற்றில் பூஞ்சை பிடிக்கும். நடுவளையத்தை விரலால் மெல்லத் திருப்பி, திறப்பின் வழியே முழுச் சுற்றையும் பாருங்கள். வெண்புள்ளிகள் தென்பட்டால் டிரைவில் நுழைக்கவே வேண்டாம். தொட்டு ஓடும் ஹெட் பூச்சையே சுரண்டிவிடும்.

உறையின் ஓரத்திலுள்ள சதுர வெட்டை ஒட்டுத்தாளால் மூடிவிட்டால், யாரும் அதில் எழுத முடியாது. 1984-இல் ஐ.பி.எம்.மின் பி.சி. ஏ.டி. கணினியுடன் வந்த 1.2 மெகாபைட் டிரைவ் இந்த வட்டைப் படிக்கும். ஆனால் அதன் ஹெட் குறுகலானது என்பதால், எழுதினால் பழைய அகலத் தடத்தின் ஓரங்கள் அழியாமல் மிஞ்சி, 360 கிலோபைட் டிரைவில் படிக்கும்போது குழப்பும். துடிப்புகளின் இடைவெளியை அப்படியே பதிவுசெய்யும் கிரீஸ்வீசல் என்ற சிறு மின்னணுப் பலகையை அத்தகைய டிரைவோடு இணைத்தால், வட்டு எந்தக் கணினியுடையது என்பதைப் பிறகு நிதானமாக ஆராயலாம்.

தோட்டத்துப்பிள்ளை:
மிக்க நன்றி ஐயா. ‘செக்ரோல்’ வட்டின் ஓரத்தில் வெண்புள்ளிகள் உள்ளன. அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கோயில் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். கணினியின் பெயர் மாமாவுக்கு நினைவில்லை, ஆனால் பச்சை எழுத்துத் திரை என்கிறார்.

வட்டுக்காரன்:
பச்சைத் திரை இரண்டு வகைக்குமே உண்டு. வட்டின் இரு பக்கமும் எழுதியிருக்கிறதா என்பதைக் கிரீஸ்வீசலிலேயே பார்த்துவிடலாம். படித்த பதிவை இங்கே இடுங்கள்.