தொகுப்புத் தகராறு எப்படித் தீர்ந்தது? விக்கிப்பீடியா அனுபவங்கள்

விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கட்டுரை எழுதுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், அங்கே நடக்கும் சண்டையைப் பற்றி விரிவாக யாரும் எழுதுவதில்லை. ஒரே பத்தியை இரண்டு பேர் மாறி மாறி மாற்றிக்கொண்டே போனபோது அது எப்படி நின்றது, யார் என்ன சொல்லி நிறுத்தினார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். புதிதாக வருகிறவர்கள் தாங்கள் எழுதியதை ஒருவர் பழைய வடிவத்துக்கு மாற்றிவிடும் முதல் மீளமைப்பிலேயே மனம் நொந்து போய்விடுகிறார்கள், அவர்களுக்கு இது தேவை. நானே தொடங்குகிறேன்.

தமிழ் விக்கியில் என் கண்ணில் அதிகம் பட்ட தகராறு சாதிக் கட்டுரைகளில்தான். எந்தச் சாதி என்று சொல்லப் போவதில்லை, சொல்லவும் தேவையில்லை, பெயரை மாற்றிப் போட்டால் இன்னும் பல கட்டுரைகளுக்கு இதே கதை பொருந்தும். கட்டுரையின் முதல் பத்தியில் "இவர்கள் இன்ன அரச மரபினர்" என்று ஒரு வரி. ஒருவர் சேர்ப்பார், இன்னொருவர் நீக்குவார், மறுபடி சேர்ப்பார். யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் கட்டுரை வளர்ந்ததே தெரியாது, இந்த ஒரு வரி போவதும் வருவதும்தான் தெரியும். மாற்றத்துக்குக் காரணம் எழுதும் தொகுத்தல் சுருக்கத்தில் ஒருவர் "பொய்" என்று எழுதுவார், மற்றவர் "எங்கள் வரலாற்றை அழிக்காதே" என்பார். கடைசியில் நிருவாகி ஒருவர் வந்து மற்றவர்கள் தொகுக்க முடியாதபடி பக்கத்தைப் பூட்டினார். பூட்டும் நேரத்தில் எந்த வடிவம் இருந்ததோ அதிலேயே பூட்டுவதுதான் வழக்கம், அதற்காக அவருக்கும் பக்கச்சார்பு என்ற பட்டம் கிடைத்தது.

பூட்டியதில் ஒரு நல்லது நடந்தது. வேறு வழியில்லாமல் இருவரும், கட்டுரையைப் பற்றி விவாதிக்க அதனுடனே இருக்கும் பேச்சுப் பக்கத்துக்கு வந்தார்கள். எனக்கு அந்தக் கட்டுரையில் எந்தப் பங்கும் இல்லாததால் நடுவில் நுழைந்து, சேர்க்கிறவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: உங்கள் சான்று என்ன சொல்கிறதோ அந்த வரியை அப்படியே இங்கே தட்டச்சு செய்யுங்கள், விளக்கம் வேண்டாம்.

அவரிடம் இரண்டு சான்றுகள் இருந்தன. ஒன்று 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையில் அச்சான ஒரு சோழர் காலக் கல்வெட்டு. அந்த வரிசை கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் காலத்தில், 1890இல், முதல் தொகுதியோடு தொடங்கியது, நம்பகமான பதிப்பு, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் தட்டச்சு செய்து போட்ட வரியில் இருந்தது இவ்வளவுதான்: இன்ன பட்டம் உடைய ஒருவர் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடுகள் கொடுத்தார். இன்றைக்கு இருக்கும் ஒரு சமூகம் முழுவதும் அவருடைய வழியில் வந்தது என்று கல்லில் எங்கும் இல்லை. அந்த இணைப்பைப் போட்டவர் கட்டுரையைத் தொகுத்தவர். விக்கியில் அதற்குப் பெயர் சொந்த ஆய்வு. ஒரு வரலாற்று ஆய்வாளர் அப்படி எழுதியிருந்தால் அவர் பெயரைச் சொல்லி எடுத்துக்காட்டலாம், நாமே கல்வெட்டைப் படித்து முடிவு கட்ட முடியாது.

இரண்டாவது சான்று எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூல், தமிழில் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று வந்திருப்பது. சாதிக் கட்டுரையில் யாரைக் கேட்டாலும் தர்ஸ்டன்தான். அவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர், தலையையும் மூக்கையும் அளந்து மனிதர்களை வகைப்படுத்தலாம் என்று நம்பிய காலத்தின் ஆள். ஊரில் தனக்குச் சொல்லப்பட்டதையும் முந்தைய அதிகாரிகள் எழுதி வைத்ததையும் தொகுத்தார். ஆங்கில விக்கியில் சாதிக் கட்டுரைகளுக்கு இந்தக் காலனிய கால நூல்களை நம்பகமான மூலமாக ஏற்பதில்லை. அங்கே இந்தத் தகராறு முற்றிப்போய் 2012இல் தெற்காசியச் சமூகக் குழுக்கள் பற்றிய கட்டுரைகளுக்கென்றே தனிக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தார்கள்.

நாங்கள் செய்தது இதுதான். முதல் பத்தியில் இருந்து அந்த வரியை எடுத்தோம். கீழே "தோற்றம் குறித்த கருத்துகள்" என்று ஒரு தலைப்பு வைத்து, இவர்கள் தங்களை இன்ன மரபினர் என்று சொல்லிக்கொள்வதாகத் தர்ஸ்டன் 1909இல் பதிவு செய்தார் என்று எழுதினோம். நீக்கியவருக்கு அதை மறுக்க வழியில்லை, ஏனென்றால் தர்ஸ்டன் அப்படி எழுதியிருப்பது உண்மைதானே. அவர் தன் பங்குக்குப் பிற்கால ஆய்வு நூல் ஒன்றிலிருந்து மாற்றுக் கருத்தைப் பக்க எண்ணோடு சேர்த்தார். அப்புறம் சாதிச் சங்கம் வெளியிட்ட மலரைச் சான்றாக ஏற்கலாமா என்ற கேள்வி வந்தது. சங்கம் எந்த ஆண்டு தொடங்கியது, யார் தலைவர் என்பதற்குச் சங்க மலர் போதும். பத்தாம் நூற்றாண்டுக்கு அது போதாது. இதைச் சொல்லும்போது கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. இரண்டு தரப்பும் மூலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்த பிறகு குரல் தானாகத் தணிந்துவிடுகிறது, இதை வேறு கட்டுரைகளிலும் பார்த்திருக்கிறேன்.

*

நான் யாழ்ப்பாணம், இப்ப இருப்பது வெளிநாட்டில். ஆங்கில விக்கியில் இலங்கைப் போர் பற்றிய கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன், அதனால் சண்டை என்றால் என்ன என்று தெரியும்.

2006இல் போர் மறுபடி தொடங்கினபோது ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு கட்டுரை, ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு சண்டை. அந்த நேரத்தில்தான் ஆங்கில விக்கியில் இலங்கை நல்லிணக்கத்துக்கென்று ஒரு விக்கித்திட்டம், அதாவது ஒரு துறைக் கட்டுரைகளைச் சேர்ந்து கவனிக்கும் தொகுப்பாளர் குழு, தொடங்கினார்கள், தமிழர், சிங்களவர், இரண்டும் இல்லாதவர் எல்லாரும் இருந்த இடம். அவர்கள் செய்த வேலையில் எனக்குப் பெரிதாகப் பட்டது மூலங்களைப் பற்றிய இணக்கம். அரசுத் தரப்புத் தளமும் சரி, புலிகள் பக்கம் சாய்ந்த தளமும் சரி, அடியோடு தள்ளுவதில்லை, ஆனால் யார் சொன்னது என்று பெயரோடு எழுத வேண்டும். "இன்ன தாக்குதலில் இத்தனை பேர் இறந்தனர்" என்று மொட்டையாக எழுதக்கூடாது, "பாதுகாப்பு அமைச்சு இப்படிச் சொன்னது", "தமிழ்நெட் செய்தித் தளம் இப்படிச் சொன்னது" என்றுதான் வர வேண்டும்.

பிறகு 2009. இறுதிக் கட்டத்தில் செத்த பொதுமக்கள் எத்தனை பேர் என்ற கேள்வி. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று எழுதியது. 2012இல் ஐ.நா. தன்னுடைய செயல்பாட்டையே விசாரித்து வெளியிட்ட உள்ளக அறிக்கை 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது. அரசு இவற்றை ஏற்கவில்லை. கட்டுரையின் ஓரத்தில் முக்கிய விவரங்களைச் சுருக்கமாகக் காட்டும் தகவற்பெட்டியில் இறந்தோர் என்ற இடத்தில் எந்த எண்ணைப் போடுவது? அந்தச் சின்னப் பெட்டிக்காக எவ்வளவோ பேர் இராப்பகலாக மோதினோம். எனக்கு அது வெறும் எண்ணாக இருந்ததில்லை, அந்தக் கரையில் என் சொந்தங்கள் இருந்தார்கள்.

யாரோ ஒருவர், எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது, பேச்சுப் பக்கத்தில் எழுதினார்: பெட்டியில் ஒரு எண்ணுக்குத்தான் இடம் இருக்கிறது, இங்கே ஒரு எண் இல்லை, அதனால் பெட்டியை விட்டு வெளியே எடுத்து உடற்பகுதியில் ஒவ்வொரு கணக்கையும் யார், எந்த ஆண்டு, எதைக் கணக்கிட்டார்கள் என்று வரிசையாக எழுதுவோம். இறந்தவர் என்பதும் கணக்கில் வராதவர் என்பதும் வேறு வேறு, அதையும் பிரித்துச் சொல்லுவோம் என்றார். எழுதினோம். அந்தப் பந்தியை இப்ப யார் வாசித்தாலும் கணக்கு ஏன் ஒத்துப்போகவில்லை என்று விளங்கும். எனக்கு எதிராக நின்ற ஒருவர் நான் தவறவிட்ட ஒரு பக்க எண்ணைத் தானே தேடிச் சேர்த்துவிட்டுப் போனார். அவருடைய அரசியல் இன்றைக்கும் எனக்கு ஒத்துவராது, ஆனால் அந்தப் பக்க எண்ணுக்காக அவரை நான் மதிக்கிறேன்.

*

தலைப்புச் சண்டையை யாரும் சொல்லவில்லையே. தமிழ் விக்கி 2003இல் தொடங்கியது, 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது, இடையில் ஜ, ஸ, ஷ போன்ற கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்தலாமா என்ற விவாதம் ஓயவே இல்லை. ஜெர்மனியா செருமனியா, ஸ்பெயினா எசுப்பானியாவா என்று தமிழ் விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் நடந்த உரையாடல்களைச் சேர்த்து அச்சடித்தால் தனிப் புத்தகமாகும். இதில் இலங்கை வழக்கு, தமிழ்நாட்டு வழக்கு என்ற இன்னொரு அடுக்கும் உண்டு. இது முழுதாகத் தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சூட்டைக் குறைத்தது வழிமாற்று என்ற சின்ன வசதிதான். எந்த எழுத்தில் தேடினாலும் ஒரே கட்டுரைக்குப் போய்விடும், முதல் வரியிலேயே மற்ற வடிவமும் இருக்கும். வாசகருக்குக் கட்டுரை கிடைத்துவிடுகிறது என்று உறுதியானதும் பாதிப் பேர் விலகிவிடுகிறார்கள்.

இது நமக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். ஆங்கில விக்கியில் போலந்தின் துறைமுக நகரத்தை கிதான்ஸ்க் என்று எழுதுவதா, செருமானியப் பெயரான டான்சிக் என்று எழுதுவதா என்று நெடுநாள் சண்டை. 2005இல் காலத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து வாக்கெடுப்பு நடத்தினார்கள். 1308 முதல் 1945 வரை நடந்ததை எழுதும்போது டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் கிதான்ஸ்க் என்று முடிவாயிற்று. இரண்டு தேசத்துக் காயமும் அதில் இருந்தது, அதனால் வெறும் தலைப்பு என்று நான் எதையும் குறைத்து நினைப்பதில்லை. தயிர் பற்றிய கட்டுரையின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு 'எச்' வேண்டுமா வேண்டாமா என்பது தீர 2011 டிசம்பர் வரை, பல ஆண்டுகள் ஆயின. அங்கே தேசமும் இல்லை, காயமும் இல்லை, பிடிவாதம் மட்டும்தான்.

*

நான் கல்லூரி மாணவன், அதிகம் தொகுப்பது திரைப்படக் கட்டுரைகள். இங்கே தகராறு முழுக்க வசூல்தான். படம் வெளியான அன்றே ரசிகர் குழுவிலிருந்து புதுக் கணக்குகள் வரிசையாக வரும், டுவிட்டரில் ஒருவர் போட்ட தொகையைச் சான்றாக வைத்து எண்ணை ஏற்றிக்கொண்டே போவார்கள், எதிர்த் தரப்பு இறக்கிக்கொண்டே வரும். வாட்சப்பில் சொல்லி ஆள் திரட்டி வந்தால் ஜெயிக்கலாம் என்று நினைக்கிறார்கள். விக்கியில் தலையை எண்ணுவதில்லை, ஒரே வாதத்தைப் பத்துப் பேர் சொன்னாலும் அது ஒரு வாதம்தான், அதிலும் பத்தும் ஒரே ஆள் வேறு வேறு பெயரில் திறந்த கைப்பாவைக் கணக்குகள் என்று தெரிந்தால் எல்லாமே முடக்கப்படும். நான் பார்த்த ஒரு கட்டுரையில் புதுக் கணக்குகள் தொகுக்க முடியாதபடி பூட்டி, நாளிதழ்களில் வந்த குறைந்த மதிப்பீட்டையும் கூடிய மதிப்பீட்டையும் சேர்த்து "இவ்வளவு முதல் இவ்வளவு வரை" என்று போட்டார்கள். பூட்டு விலகிய பிறகு யாரும் தொடவில்லை. அடுத்த படம் வந்துவிட்டது அண்ணா, கூட்டம் அங்கே போய்விட்டது.

*

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் ஊர்க் கோயில் கட்டுரையில் தலபுராணக் கதையைச் சேர்த்தேன். ஒருவர் திரும்பத் திரும்ப நீக்குகிறார், காரணம் ஒரு வரிகூட எழுதுவதில்லை. அவரோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை. விட்டுவிடலாமா என்று இருக்கிறது. மேலே புகார் செய்ய நடுவர் குழு மாதிரி ஏதாவது இருக்கிறதா?

*

விட்டுவிடாதீர்கள் அம்மா. ஊர்க் கோயிலைப் பற்றி எழுத அந்த ஊரில் வாழ்ந்தவர் கிடைப்பது அரிது.

நடுவர் குழு ஆங்கிலம் போன்ற சில விக்கிகளில்தான் உண்டு, ஆங்கிலத்தில் 2004இல் தொடங்கியது. அதுவும் எது சரியான தகவல் என்று தீர்ப்புச் சொல்லாது, ஆட்களின் நடத்தையை மட்டும்தான் விசாரிக்கும். தகவல் தகராறு எங்கேயானாலும் பேச்சுப் பக்கத்தில்தான் தீர வேண்டும். தமிழில் நமக்கு அப்படி ஒரு குழுவே இல்லை, பேச்சுப் பக்கம், அதற்கப்புறம் ஆலமரத்தடி, நிருவாகிகள், அவ்வளவுதான்.

முதலில், மறுபடி மீளமைக்காதீர்கள். ஆங்கில விக்கியில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மீளமைத்தால், நியாயம் யார் பக்கம் இருந்தாலும், தடை வரலாம். இங்கேயும் அந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் அவருடைய பயனர் பெயரைக் குறிப்பிட்டு, என்ன சேர்த்தீர்கள், எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். நீக்கியதைப் பற்றி மட்டும் கேளுங்கள், அவரைப் பற்றி எதுவும் வேண்டாம்.

அவர் நீக்குவதற்கு நான் ஊகிக்கும் காரணம் ஒன்று உண்டு. தலபுராணக் கதை "வரலாறு" என்ற தலைப்பின் கீழ் நடந்த நிகழ்ச்சி போல எழுதப்பட்டிருந்தால் நீக்கத்தான் செய்வார்கள். "தலபுராணம்" என்று தனித் தலைப்பு வைத்து, "என்று தலபுராணம் கூறுகிறது" என்று முடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கதையை ஒரு சொல்கூடக் குறைக்கத் தேவையில்லை. சில நாள் பாருங்கள். பதில் வராவிட்டால் இந்த வடிவத்தில் சேர்த்து, சுருக்கத்தில் "பேச்சுப் பக்கம் பார்க்க" என்று எழுதுங்கள். அதையும் பேசாமல் நீக்கினால் ஆலமரத்தடிக்குக் கொண்டுபோகலாம், அப்போது உங்கள் பக்கம் எல்லாம் எழுத்தில் இருக்கும்.

கட்டுரையின் பெயரை இங்கே போடுங்கள். நான் அதைத் தொகுத்திராவிட்டால் மூன்றாம் ஆளாக வாசித்துப் பேச்சுப் பக்கத்தில் கருத்து எழுதுகிறேன், ஒருவேளை அவர் சொல்வதுதான் சரி என்று பட்டால் அதையும் அங்கேயே எழுதுவேன். ஏற்கெனவே தொகுத்திருந்தால் இங்கே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது போய்ப் பாருங்கள்.