இம்மொபிலைசேஷன்: 'தழைச்சத்து முடக்கம்' எனலாமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

மக்காச்சோளத் தட்டை பற்றிய மொழிபெயர்ப்பில் வரும் 'நைட்ரஜன் இம்மொபிலைசேஷன்' (மட்கவைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள நைட்ரஜனைச் சிலகாலம் தம்முள் எடுத்துவைத்துக்கொள்வது) என்பதற்கு 'நிலைப்படுத்தல்' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. பயறுவகைகளின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைப்பதற்கு அச்சொல் பாடநூல்களில் வழங்கிவருகிறது. அது மண்ணுக்கு வரவு. இதுவோ பயிருக்கு வரவேண்டியது உரிய நேரத்தில் வராமற்போவது.

அமெரிக்காவின் அயோவாவில் அறுவடைக்குப் பின் வயலிலேயே கிடக்கும் தட்டையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குக் கார்பன் ஏறத்தாழ 60 பங்கு இருக்கும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிரிகளுக்கோ 24 பங்குக்கு ஒரு பங்கு நைட்ரஜன் வேண்டும். ஆக, 60 பங்குக்கு இரண்டரைப் பங்கு தேவைப்பட, தட்டையில் ஒன்றுதான் இருக்கிறது. மீதி ஒன்றரையை அவை மண்ணிலிருந்தும் உழவர் இட்ட உரத்திலிருந்தும் எடுத்துக்கொள்கின்றன. பற்றாக்குறை முற்றினால், பயிரின் அடியிலைகள் நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியே ஆப்பு வடிவில் மஞ்சளாகின்றன. சோயாவுக்குப் பின் விதைப்பதைவிட, மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளமே விதைக்கும்போது அங்கே ஏக்கருக்கு ஏறத்தாழ 50 பவுண்டு நைட்ரஜன் கூடுதலாகப் பரிந்துரைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

'இழப்பு' என்பதும் பொருந்தாது; நுண்ணுயிரிகள் மடிந்து சிதையும்போது அச்சத்து மண்ணுக்கே திரும்புகிறது. பணம் முடங்கிக் கிடக்கிறது என்கிறோமே, அதே நிலைதான் இது: தொலையவில்லை, தேவைப்படும் நாளில் கைக்கு வரவில்லை. நைட்ரஜனைத் தழைச்சத்து என்கிறோம்; எனவே 'தழைச்சத்து முடக்கம்' என முன்மொழிகிறேன். நுண்ணுயிரி முடக்குகிறது, சத்து முடங்குகிறது என வினையிலும் இருவழியாக அமைவது கூடுதல் வசதி. 'அசைவிழப்பு' என நேர்ப்பொருளில் பெயர்த்தால் இவ்வசதி இல்லை. முடக்குவாதம் நினைவுக்கு வருகிறது என்றார் ஒரு நண்பர். போக்குவரத்து முடக்கம் என்று நாளிதழில் படிக்கும்போது யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை.

சொல்லை வாக்கியத்தில் இட்டுப் பார்ப்போம்: "யூரியா அம்மோனியம் நைட்ரேட் உரக்கரைசலைத் தட்டையின் மேல் பரவலாகத் தெளித்தால் முடக்கம் மிகும், தட்டைக்கு அடியில், மண்ணுக்குள் பட்டையாகச் செலுத்தினால் குறையும்." எனக்கு உறுத்தவில்லை.

இதன் மறுதலைக்கு, அதாவது அச்சத்து பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவுக்குத் திரும்புவதற்கு, 'கனிமமாதல்' இருக்கிறது. அதை மாற்ற வேண்டியதில்லை. 'தற்காலிக' என்ற அடையும் வேண்டாம்; முடங்கியது மீளும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.