தானம் தரும் கிட்னிக்கு இரண்டு தமனி என்று சிடி ரிப்போர்ட், பயப்பட வேண்டுமா?

கோத்தகிரிக்காரி:
தம்பிக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, நான்தான் கிட்னி தரப்போகிறேன். ரத்தம், யூரின், வயிற்று ஸ்கேன் எல்லாம் கோவையில் முடிந்தது. கடைசியாக எடுத்த சிடி ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன்) இடது கிட்னிக்கு இரண்டு தமனி, வலதுக்கு ஒன்று என்று வந்திருக்கிறது. எந்தப் பக்கம் எடுப்பது என்று டீமில் பேசிவிட்டுச் சொல்கிறார்களாம். வயிற்று ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்றுதானே போட்டிருந்தார்கள்? என்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று தூக்கமே இல்லை. அம்மாவுக்கு சர்க்கரை, வீட்டில் கொடுக்க வேறு ஆள் கிடையாது.

குன்னூர் ரேடியோகிராபர்:
அக்கா, அது நோய் இல்லை, பிறவி அமைப்பு. 100 பேரில் 25, 30 பேருக்கு ஏதாவது ஒரு பக்கம் கூடுதல் தமனி இருக்கும். வயிற்று ஸ்கேனில் கிட்னியின் அளவு, கல், வீக்கம் தெரியும், மெல்லிய தமனி தப்பிவிடும். சிடியில், ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக ஊசியில் போடும் மருந்து ஏறிய சில நொடிகளில் தமனிகளை எடுப்போம், அடுத்து சிரைகளை, அப்புறம் 5, 10 நிமிஷம் கழித்து மருந்து சிறுநீர்க்குழாயில் இறங்கும்போது அதையும். மூச்சை அடக்கச் சொல்லி உங்களைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பியது அதற்குத்தான்.

சர்ஜன்கள் பொதுவாக இடது கிட்னியைத்தான் விரும்புவார்கள். மகாதமனிக்கு முன்னால் குறுக்கே கடந்து போக வேண்டியிருப்பதால் இடப்பக்கச் சிரை நீளம், தம்பி உடம்பில் வைத்துத் தைக்கத் தோதாக இருக்கும். வலப்பக்கச் சிரை குட்டை. ஆக, இரண்டு தமனி உள்ள இடதா, குட்டைச் சிரை உள்ள வலதா என்பதுதான் அவர்கள் பேசப்போகிற விஷயம், உங்களை ஒதுக்குவதா என்பது இல்லை. இரண்டு தமனியோடு இடது கிட்னியை எடுத்து வைப்பதும் நடக்கிறதுதான். ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த இரண்டாவது தமனி கிட்னியின் கீழ்முனைக்குப் போகிறதா? அது எவ்வளவு சின்னதானாலும் விடமுடியாது, சிறுநீர்க்குழாய்க்கும் அங்கிருந்துதான் ரத்தம் போகும்.

கூடலூர் அண்ணன்:
என் மனைவிக்கு நான் கொடுத்தேன். சிடியில் என் வலது கிட்னியில் சின்னக் கல் ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். டாக்டர் சொன்னது வேறு: இரண்டில் நல்லது கொடுப்பவரிடமே இருக்க வேண்டும், அதனால் கல் உள்ளதை எடுக்கிறோம் என்றார். தங்கச்சி, இதை நீயும் வாய்விட்டுக் கேள். தம்பியைப் பற்றியே எல்லாரும் பேசும்போது உன் உடம்பைப் பற்றி நீதான் கேட்கணும். இரண்டு கிட்னியும் ஒரே அளவில் வேலை செய்கிறதா என்று சந்தேகம் இருந்தால் டிடிபிஏ ஸ்கேனும் எடுப்பார்கள். சிடி சிடியை, அதாவது படம் உள்ள தட்டை, கையில் வாங்கி வை, வெறும் ரிப்போர்ட் தாள் போதாது.

கோத்தகிரிக்காரி:
ரொம்ப நன்றி அண்ணா, குன்னூர் தம்பிக்கும் நன்றி. ரிப்போர்ட்டைத் திரும்பப் பார்த்தேன், இரண்டாவது தமனி மேல்முனைக்குப் போகிறது என்றுதான் போட்டிருக்கிறது. அடுத்த தடவை போகும்போது இரண்டு கேள்வியையும் எழுதி எடுத்துப் போகிறேன்.