மறுமொழி: குறட்டைக்குப் பல்லில் மாட்டும் கருவி – தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல் கேட்டேன், ஒன்பது சொல் வந்து சேர்ந்தது. எல்லாருக்கும் நன்றி. பிந்திச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் பெறாமகள் இங்கே திருகோணமலையில் பல் வைத்தியர். பேராதனையில் ஆங்கிலத்தில் படித்தவள். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று நாலா பக்கத்தாலும் வருகிறவர்களுக்குக் கொடுக்க, பல்லுக்கும் நித்திரைக்கும் என்ன தொடுப்பு என்று ஒரு தாள் தமிழில் எழுதித் தரச் சொன்னாள். "பெரியப்பா, நீங்கள் முப்பது வருசம் விஞ்ஞானம் படிப்பிச்சனீங்கள்தானே" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டாள்.

தாளில் இரண்டு கருவிகள் வருகின்றன. ஒன்று, நித்திரையில் பல்லை நறும்புகிறவர்களுக்கு, அதாவது நறநறவென்று அரைக்கிறவர்களுக்கு: பல் தேய்ந்து போகாமல் இரவில் மாட்டும் தகடு. மற்றது, குறட்டையும் மூச்சடைப்பும் உள்ளவர்களுக்கு: மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டிலும் மாட்டிக் கீழ்த்தாடையைச் சற்று முன்னுக்குக் கொண்டுவந்து விடியும்வரை அப்படியே வைத்திருப்பது. நான் கேட்டது முக்கியமாக இந்த இரண்டாவதற்கு.

சென்னைத் தம்பி எழுதியது:

> இரண்டுமே வாயில் மாட்டுவதுதானே ஐயா. 'வாய்க்காப்பு' என்று ஒரே சொல் போதாதா? தேவையென்றால் அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம்.

போதாது தம்பி. எனக்குப் பயமே இதில்தான். பல் நறும்புகிறவருக்குப் போடும் தகடு பெரும்பாலும் ஒரு வரிசைக்கு மட்டும்தான், தாடையை அது அசைக்காது. மூச்சடைப்பு உள்ளவர் அதை மாட்டிக்கொண்டு படுத்தால் அடைப்புத் தீராது. மேல்வரிசைத் தகட்டால் சிலருக்கு அது கூடியதாகவும் கண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் "எனக்கு வாய்க்காப்புத் தந்தவை, இப்ப சுகம்" என்று சொல்ல, இவரும் வந்து அதையே கேட்பார். வரிசையில் நிற்கிற சனத்தின் வாயில் அடைமொழிதான் முதலில் உதிரும். ஆகவே இரண்டுக்கும் பொதுத்துண்டு எதுவும் இல்லாத இரண்டு சொற்கள் வேண்டும்.

யாழ்ப்பாணத்து ஐயாவின் 'கீழ்த்தாடை முன்னகர்த்தும் கருவி' பிழையில்லாத சொல். பொருளை அப்படியே சொல்கிறது. பெறாமகளும் இரண்டு நாள் அதையே சொல்லிப் பார்த்தாள். திருக்கடலூரில் இருந்து வந்த ஒரு கடற்தொழிலாளி முகம் வெளிறி, "நாடியை வெட்டி முன்னுக்கு வைக்கிறதோ டொக்டர்?" என்று கேட்டாராம். (நாடி என்றால் இங்கே மோவாய்.) அப்படி ஒரு சத்திரசிகிச்சையும் இருக்கிறபடியால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. 'முன்னகர்த்தல்' என்றதும் எலும்பு நகர்கிறது என்றுதான் கேட்கிறவருக்குப் படுகிறது. காலையில் கழற்றித் தண்ணீரில் கழுவி வைக்கிற பொருள் இது என்ற எண்ணம் வரவில்லை.

அடுத்து 'தாடையிழுப்பி'. கோயம்புத்தூர் அம்மா கோபிக்கக் கூடாது, இங்கே 'இழுப்பு' என்றால் ஆஸ்துமா. குறட்டைக்காரர் எல்லாரும் இழுப்புக்காரர் ஆகிவிடுவார்கள். 'தாடையுந்தி' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உந்தி என்றால் கொப்பூழ் என்று தமிழ் படித்த எவருக்கும் ஒரு சிரிப்பு வரும். நாடிக்கு வடசொல் போட்ட 'சிபுக முன்னோக்கி'யைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் சொல்லவேண்டியிருக்கிறது. மானிப்பாயில் இருந்து தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த அமெரிக்கர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1850களில் ஒரு பாடநூலை 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்று தமிழாக்கினார். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம், உடற்றொழிலியலுக்குச் சுகரணவாதம், சுகாதாரத்துக்கு உற்பாலனம். இன்றைக்கு வாசித்தால் சிரிப்பு வரலாம். ஆனால் அவரிடம் படித்தவர்கள் அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு நோயாளியைப் பார்த்தார்கள். வகுப்பு இருந்தவரைக்கும் சொல்லும் இருந்தது. எங்களுக்கு அப்படி வகுப்பும் இல்லை. எங்கள் சொல், கிளினிக் வாசலில் முதல் தரம் கேட்கிறவருக்கு விளக்கம் இல்லாமலே பாதி விளங்கவேண்டும்.

இனி நான் தேர்ந்தது: தாடையேந்தி.

ஐயா உடனே எழுதியது:

> ஏந்துதல் என்றால் கீழிருந்து மேலே தாங்குவது. இக்கருவி தாடையை முன்னே கொண்டுவருகிறது. திசையே பிழை.

மூன்று நாள் இதையே யோசித்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு பின்னேரம் டச்சுப் பே கடற்கரை மணலில் மல்லாந்து கிடந்தபோதுதான் பிடிபட்டது. நிற்கிற ஆளுக்கு முன் என்பது, மல்லாந்து கிடக்கிற ஆளுக்கு மேல்! இந்தக் கருவியை யாரும் நின்றுகொண்டு மாட்டித் திரிவதில்லை. நாக்கின் பெரிய தசை கீழ்த்தாடையின் உட்பக்கம், நாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. நித்திரையில் தசைகள் தளர, தாடை வழிந்து பின்னுக்குப் போகிறது, நாக்கும் அதோடு தொண்டைப் பக்கம் சரிகிறது. படுத்திருக்கிறவருக்குப் பின் என்றால் கீழ். விழுகிறதைத்தானே ஏந்துவார்கள்? 'முன்னகர்த்தும் கருவி' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தவன் ஆளை நிற்கவைத்துப் பார்த்தான், நாங்கள் படுக்கவைத்துப் பார்ப்போம். சரிந்து படுக்கிறவர்களுக்கு என்ன சொல்வீர் என்று ஐயா கேட்பார். அநேகம் பேருக்கு இந்த அடைப்பு மல்லாந்து படுக்கும்போதுதான் கூடுகிறது. எனவே சொல்லின் திசையும் அங்கேயே இருக்கட்டும்.

நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற இந்த நோயின் பெயரும் இன்னும் தீரவில்லை. பத்து செக்கன் அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. முழுதாக நிற்காமல் குறைந்து போவதையும் சேர்த்து, மணித்தியாலத்துக்கு 5 தடவை தொடக்கம் இலேசானது, 15 தொடக்கம் நடுத்தரம், 30ஐத் தொட்டால் கடுமை. பாதையில் அடைப்பு இல்லாமல் மூளையின் கட்டளை தவறி மூச்சு நிற்கிற வகையும் உண்டு என்பதால், பொதுப்பெயராக 'மூச்சடைப்பு' சரிவராது. பொதுவுக்கு 'மூச்சறுதல்', தொண்டையில் அடைத்து வருவதற்கு மட்டும் 'மூச்சடைப்பு' என்று வைத்திருக்கிறேன். தாளில் இரண்டாவதுதான் வருகிறது.

'நித்திரை' வடசொல், 'உறக்கம்' என்று மாற்றச் சொல்லி மூன்று பேர். வேறு தாளாக இருந்தால் மாற்றுவேன். இங்கே "நித்திரை வருதில்லை" என்றுதான் சனம் வந்து நிற்கிறது. தமிழ்நாட்டுக்குத் தாள் போனால் 'தூக்கம்' என்று மாற்றிக்கொள்ளுங்கள், அப்படியே 'முரசு' என்று இருக்கிற இடமெல்லாம் 'ஈறு' என்றும். இல்லாவிட்டால் முரசில் இரத்தம் வருகிறது என்று வாசித்துவிட்டுப் போர்க்களம் என்று நினைப்பீர்கள்.

பல் நறும்புவதற்கு 'பற்கடிப்பு' என்று இருவர் எழுதியிருந்தீர்கள். விவிலியத்தில் 'அழுகையும் பற்கடிப்பும்' என்று வருவதால் அந்தச் சொல்லுக்கு நரகத்தின் மணம் ஏறிவிட்டது. கோபத்தில் பல்லைக் கடிப்பதற்கும் அதுவே. இங்கே கிழவிகள் "பிள்ளை பல்லு நறும்புது, வயித்தில பூச்சி" என்பார்கள். பூச்சி மருந்தும் கொடுத்துவிடுவார்கள். பூச்சிக் கதையை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஏட்டில் 'நறுமுதல்' என்று இருக்கிறது, ஆகவே பல் நறுமல். புணர்ச்சி விதிப்படி 'பன்னறுமல்' என்று எழுதவேண்டும் என்று யாரும் வரவேண்டாம். பல்லின் உட்படைக்குப் பாடப்புத்தகத்தில் வரும் 'பன்முதல்' என்ற சொல்லில், 'பன்முதலை' என்று வருமிடத்தைப் பிள்ளைகள் முதலை என்று வாசித்ததை முப்பது வருசம் கேட்டவன் நான். மன அழுத்தம், மதுபானம், புகைத்தல், அதிகக் கோப்பி, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் எல்லாம் இதைக் கூட்டும் என்று தாளில் போட்டிருக்கிறேன். பல்லின் வெளிப்படையான மிளிரி தேய்ந்து பல் கூசத் தொடங்கும், எழும்பும்போது கன்னப்பொறி (நெற்றிப்பொட்டு) வலிக்கும்.

அதற்குப் போடும் தகட்டுக்கு முதலில் கையுறை, காலுறை போலப் 'பல்லுறை' என்று வைத்தேன். தமிழ்நாட்டில் பல்லின்மேல் நிரந்தரமாக ஒட்டும் மூடியைத்தான் பல்லுறை என்கிறார்கள் என்று மதுரையில் இருந்து ஒருவர் தடுத்தார். நல்லகாலம். இப்போது பற்காப்பு. காப்பு என்றால் கழற்றவும் போடவும் கூடியது என்று கையில் போட்டிருக்கிறவர்களுக்குத் தெரியும்.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணைக்கு: முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கிற, நீங்கள் பாவிக்கும் காற்றழுத்த மெசினை இது தள்ளிவைக்கவில்லை. 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் அதைக் கொண்டுவந்ததில் இருந்து கடுமையான மூச்சடைப்புக்கு அதுதான் முதல் மருந்து. முகமூடியோடு படுக்க முடியாதவர்களுக்கும், வெறும் குறட்டைக்கும் தாடையேந்தி கொடுக்கலாம் என்று 2015இல் அமெரிக்க நித்திரை வைத்தியர்களும் பல் வைத்தியர்களும் சேர்ந்து வழிகாட்டல் வெளியிட்டார்கள். நோயை உறுதிசெய்வது நித்திரைச் சோதனை பார்க்கிற வைத்தியர், வாய்க்கு அளவெடுத்துச் செய்து மில்லிமீற்றர் மில்லிமீற்றராகத் தாடையை முன்னுக்கு விடுகிறவர் பல் வைத்தியர். தாளில் இதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லிவிட்டாள் பெறாமகள்.

இன்னொன்று, இதை நான் எதிர்பார்க்கவில்லை. தாடையேந்தி பிடித்துக்கொள்வதற்குப் பல் வேண்டும். முரசு நோயில் பல் ஆடுகிறவருக்கும், பல் முழுதும் விழுந்து கட்டுப்பல் போட்டவருக்கும் இது சரிவருவது கஷ்டம். வெற்றிலை போட்டுப் போட்டுக் கடைவாய்ப்பல்லைத் தொலைத்த என் வயதுக்காரர் பலருக்கு அந்தக் கதவு எப்போதோ சாத்தியாயிற்று. மாட்டுகிறவர்களுக்கும் முதல் நாட்களில் எச்சில் ஊறும், காலையில் தாடை உளையும், வருடக்கணக்கில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துகிற கடியே கொஞ்சம் மாறலாம்.

வியாழன் இரவுக்குள் மறுப்பு வராவிட்டால் வெள்ளிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது. ஐயா, உங்கள் சம்மதம் இல்லாமல் 'ஏந்தி' போகாது. படுத்துக்கொண்டு ஒருக்கால் யோசித்துப் பாருங்கள்.

பி.கு.: திருக்கடலூர்க்காரரிடம் புதுச்சொல்லைச் சொன்னாளாம். "ஓ, மெல்லமாத் தாங்கிப் பிடிக்கிறது" என்றாராம். பிறகு, "அதைப் போட்டுக்கொண்டு விடியப்புறம் கடலுக்குப் போகலாமோ?" என்றும் கேட்டாராம். 'படுக்கும்போது மட்டும்' என்று ஒரு வரி கூட்டியிருக்கிறேன்.